மறு: ‘டிரீட்மென்ட் வெட்லேண்ட்’, வடிகட்டி ஈரநிலமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவின் அயோவா மாநில ஏரிகள் பற்றிய கட்டுரைக்காக, வயல்நீரைத் தூய்மையாக்கும் ஈரநிலமான ‘டிரீட்மென்ட் வெட்லேண்ட்’டுக்கு ‘வடிகட்டி ஈரநிலம்’ என்று குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிலம் செய்கிற வேலை வேறு.

வடிகட்டியில் கசடு தங்கும், நீர் இறங்கும். இங்கே நீக்க வேண்டிய நைட்ரேட்டோ (வயல் உரத்திலிருந்து வரும் நைட்ரஜன் சேர்மம்) நீரில் கரைந்தே வருகிறது. அயோவாவின் மக்காச்சோள, சோயா வயல்களுக்கு அடியில் வடிகுழாய்கள் பதித்திருக்கிறார்கள். நைட்ரேட் அவற்றின் வழியே ஓடைக்கும் ஏரிக்கும் போய்விடும். வழியில் ஓர் ஈரநிலத்தில் அந்த நீரைத் தேக்கினால், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனைப் பெரும்பாலும் வாயுவாகக் காற்றில் விடுகின்றன. பிடித்து வைப்பதல்ல, முறித்து அனுப்புவது. நஞ்சுமுறி என்கிறோமே, அந்த வழியில் ‘நைட்ரேட்முறி ஈரநிலம்’ என்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் தப்பான படம் தராது.

வயலிலிருந்து வரும் இன்னொரு சத்தான பாஸ்பரஸின் கதை வேறு. அதில் பெரும்பங்கு மண்துகளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஈரநிலத்தில் படியும், சரி. ஆனால் அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்போடு பிணைந்திருந்தது அவிழ்ந்து மறுபடி நீருக்கே வந்துவிடும். ஏரியில் நீலப்பச்சைப்பாசி பொங்க அது போதும். ஆகவே பாஸ்பரஸை வயலிலேயே நிறுத்துவது நல்லது. ‘பிரெய்ரி ஸ்ட்ரிப்’ (பிரெய்ரி என்ற வட அமெரிக்க இயற்கைப் புல்நிலத்தின் செடிகளை வயலுக்குள் வளர்க்கும் பட்டை) அதற்குத்தான். நீல் ஸ்மித் வனவிலங்குப் புகலிடத்தில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007 முதல் நடத்திய ஆய்வில், வயலில் 10% இடத்தைப் பிரெய்ரிச் செடிகளுக்கு விட்டதும் மண் இழப்பு சுமார் 95% குறைந்தது; பாஸ்பரஸ் இழப்பும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தது.

இந்தப் பட்டைக்குத் தமிழில் ‘புல்லணை’ என்று வந்த சொல் எனக்கும் பிடித்தது. ஆனால் படிப்பவருக்கு மாட்டுத்தொழுவமும் குழந்தை இயேசுவும்தான் நினைவுக்கு வருவார்கள். ‘புல்வெளிப் பட்டை’யும் வேண்டாம். புல்வெளி என்றதும் கத்தரித்த பச்சைத்தரை கண்முன் வரும். பிரெய்ரியில் ஆளுயரப் புல்லும் பூச்செடிகளும் கலந்திருக்கும், வேர் 2 மீட்டருக்கும் கீழே போகும். ‘பிரெய்ரிப் பட்டை’ என்றே வைப்போம்.

ஈரநிலங்களின் ‘ரெஸ்டொரேஷன்’ என்ற சொல் பற்றி ஒரு வரி. பழைய வடிகுழாயை உடைத்து, வெட்டிய கால்வாயை அடைத்து, நீரைத் திரும்ப வரவிட்டால் அது ‘மீட்பு’. ஈரநிலமே இல்லாத இடத்தில் கரை எழுப்பிப் புதிதாக அமைத்தால் ‘உருவாக்கம்’. கட்டுரையின் மூன்றாம் பத்தியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, பிரித்துத் திருத்திவிடுங்கள்.