“கோட்டை இறங்கு, கடற்கரை ஏறு”: அப்பாவின் குறிப்பை வைத்துக்கொண்டு பாரிமுனை போக வேண்டும், வழி சொல்லுங்கள்

செங்கை அச்சகம் எழுதியது:

வணக்கம். செங்கல்பட்டில் எங்களுக்குச் சின்னதாக ஓர் அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடைகளுக்கு பில் புத்தகம், இவைதான் வேலை. இத்தனை வருடமும் சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போய் கார்டும் காகிதமும் எடுத்து வந்தது அப்பாதான். நான் கணினியில் மேட்டர் அடிப்பேன், பிழை பார்ப்பேன், அவ்வளவுதான். போன ஆவணியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது கைத்தடி வைத்து நடக்கிறார், தேறி வருகிறார். பேச்சு மட்டும் இன்னும் கோவையாக வரவில்லை.

மார்கழியில் முகூர்த்தம் இல்லாவிட்டாலும் தைக் கல்யாணங்களுக்கான பத்திரிகை எல்லாம் அப்போதுதான் அடிக்க வேண்டும். கையிருப்பு கார்டு தீர்ந்துவிட்டது. அதனால் போன வாரம் மாமாவின் காரில் முதல் தடவையாகப் போனேன். சென்ட்ரல் தாண்டி என்.எஸ்.சி. போஸ் சாலைக்குள் நுழைந்ததும் வண்டி நகரவே இல்லை. நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போயிற்று. மாமா வண்டியிலேயே உட்கார்ந்திருக்க, நான் ஓடிப்போய் ஒரே ஒரு கடையில் கண்ணில் பட்ட நாலு மாடலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். விலை கேட்க, ஒப்பிட்டுப் பார்க்க நேரமே இல்லை.

அப்பாவின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் சில குறிப்புகள் இருக்கின்றன. அதில் ஒரு வரி: “கோட்டை இ. கடற்கரை ஏ.” கோட்டை நிலையத்தில் இறங்கி, கடற்கரை நிலையத்தில் ஏறு என்றுதான் அர்த்தம் என்று நினைக்கிறேன். ஏன் போகும்போது ஒரு நிலையம், வரும்போது வேறு? அப்பாவிடம் கேட்டேன். இடது கையை நீட்டி நீட்டி எதையோ காட்டுகிறார், எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் ஆயாசமாகிவிட்டது, அப்புறம் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ரயிலில் போவதா, மெட்ரோவா? ஐந்தாறு அட்டைப் பெட்டி சரக்கை எப்படிக் கொண்டுவருவது? அந்தப் பக்கம் தினமும் போய் வருபவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கிண்டி வாசி எழுதியது:

மெட்ரோ சுலபம். செங்கல்பட்டிலிருந்து மின்ரயிலில் கிண்டி வரை வாருங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மெட்ரோ. வண்ணாரப்பேட்டை, விம்கோ நகர் பக்கம் போகும் நீல வழித்தட வண்டியில் ஏறி உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்குங்கள். சென்ட்ரலுக்கு அடுத்த நிலையம் அதுதான், வண்டி மாற வேண்டாம். மேலே வந்தால் நீங்கள் காரில் மாட்டிக்கொண்ட அதே என்.எஸ்.சி. போஸ் சாலை. பிராட்வே பக்கம் நடந்தால் ஆண்டர்சன் தெரு வந்துவிடும். ‘சென்னை ஒன்’ செயலியில் ரயில், மெட்ரோ, பேருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாம்.

ஒரு சிரமம் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழையும்போது பைகளை ஸ்கேன் செய்யும் இயந்திரத்தில் போட வேண்டும். கையில் ஒன்றிரண்டு பை என்றால் பரவாயில்லை. ஐந்தாறு அட்டைப் பெட்டியோடு சுரங்க நிலையத்துக்குள் இறங்கி, கிண்டியில் மறுபடி மின்ரயிலுக்கு மாறுவது பாடுதான். போவதற்கு மெட்ரோ, வருவதற்கு வேறு வழி யோசியுங்கள்.

---

காகிதக்கடைக் கணக்கர் எழுதியது:

அம்மா, உங்கள் அப்பா எழுதி வைத்தது சரியான வழி. 31 வருடம் ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதினேன். தாம்பரத்திலிருந்து போய் வந்தவன். நானும் கோட்டையில் இறங்கி, கடற்கரையில்தான் ஏறுவேன்.

காரணம் சொல்கிறேன். காலையில் கடற்கரை நிலையத்துக்கு வெளியே வண்டி அடிக்கடி நின்றுவிடும். முன்னால் போன வண்டி நடைமேடையைக் காலி செய்ய வேண்டுமே. எத்தனையோ நாள் அந்த இடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கோட்டையில் இறங்கி நடப்பவன் அதற்குள் பிராட்வே போய்ச் சேர்ந்திருப்பான். நிலையத்தை விட்டு வெளியே வந்து பிராட்வே பேருந்து நிலையத்துக்கு எந்தப் பக்கம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரம் கண்ணில் பட்டுவிட்டால் வழி தவறாது. 1977 வரை அந்தக் கோபுரத்தில்தான் கலங்கரை விளக்கம் எரிந்தது. கடலில் வருபவனுக்கே வழி காட்டியது அது.

சாயங்காலம் கதை வேறு. கோட்டையிலோ பூங்கா நிலையத்திலோ ஏறினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும். கடற்கரையில் வண்டி புறப்படுகிறது, காலியாக நிற்கும். செங்கல்பட்டு வரை கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். நாள் முழுக்கக் கடை கடையாக நின்ற கால்களுக்கு அந்த ஜன்னலோர இருக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக எதிர்த் திசையில் கொஞ்சம் நடந்தாலும் தகும்.

அப்பா ஆரம்ப காலத்தில் பேருந்தில்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். வெளியூர் பேருந்தெல்லாம் அப்போது பிராட்வேயை ஒட்டிய எஸ்பிளனேடு வரை வரும். தென்மாவட்ட வியாபாரிகள் விடியற்காலை அங்கே இறங்கி, பல் விளக்கி, டிபன் சாப்பிட்டுவிட்டுக் கடை திறக்கும் வரை திண்ணையில் காத்திருப்பார்கள். 2002-ல் அவை கோயம்பேட்டுக்குப் போயின. காய்கறி மொத்த வியாபாரம் அதற்கு முன்பே, 1996-ல், கொத்தவால்சாவடியிலிருந்து கோயம்பேடு போய்விட்டது. அதோடு பாரிமுனை படுத்துவிடும் என்று பலர் சொன்னார்கள். படுக்கவில்லை. தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே 1931-லிருந்து மின்ரயில் ஓடுகிறது. அது ஓடும் வரை இந்தத் தெருக்களுக்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கும். மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டிய வருடங்களில் பிராட்வே சாலை அடைபட்டுக் கிடந்தபோதும் எங்கள் வாடிக்கைக்காரர்கள் ரயிலில் வந்து, நடந்து, சரக்கு எடுத்தார்கள்.

இப்போது சரக்கு. இதுதான் முக்கியம். நீங்கள் சுமக்கவே கூடாது. காகிதத்தின் கனம் தெரியுமல்லவா? 75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒரு ரீம், அதாவது 500 தாள், இரண்டே கால் கிலோவுக்கு மேல். பத்து ரீம் பெட்டி 23 கிலோ. கார்டுப் பெட்டியும் லேசுப்பட்டதில்லை. கடையில் பில் போட்டதும் “பார்சல் போட்டுவிடுங்கள்” என்று சொல்லுங்கள். கட்டி, ஊர் பெயர் எழுதி, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி பார்சல் ஆபீசுக்கு அவர்களே அனுப்புவார்கள். வால்டாக்ஸ் சாலைப் பக்கம் அப்படிப்பட்ட ஆபீஸ்கள் நிறைய. இரண்டு மூன்று கடையில் எடுத்தால் எல்லாவற்றையும் ஒரே கடையில் சேர்த்து ஒரே பார்சலாகப் போடச் சொல்லுங்கள், வாடகை குறையும். செங்கல்பட்டில் எந்த ஆபீசுக்கு வரும் என்பதைக் கேட்டு பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவசரமான ஒரு பெட்டி இருந்தால் மட்டும் மின்ரயிலின் வெண்டர் பெட்டியில் ஏற்றலாம். பூக்கூடை, தயிர்க்கேன் எல்லாம் போகும் பெட்டி அது. லக்கேஜ் டிக்கெட் வேண்டுமா என்று கவுன்ட்டரில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு பொருளுக்கும் அங்கே ஒரு தெரு. கோடவுன் தெருவில் ஜவுளி, தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, நைனியப்ப நாயக்கன் தெருவில் மருத்துவச் சாமான். காகிதத்துக்கு எங்கள் ஆண்டர்சன் தெரு. அதனால் முதல் கடையிலேயே முடித்துவிட வேண்டாம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை வெறுமனே நடந்து, மாதிரி கார்டு கேட்டு வாங்குங்கள். கார்டைக் கண்ணால் பார்க்கக் கூடாது, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மடிக்கும் கோட்டில் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அது விரலிலேயே இருக்கும். எழுதி வைத்திருக்க மாட்டார்.

---

லிங்கிசெட்டித் தெரு எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் ஒரு பெண்ணாகச் சில விஷயம் சேர்க்கிறேன். எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் லிங்கிசெட்டித் தெருவில். ஒன்பது வருடமாக மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலில் வருகிறேன். எழும்பூர்–கடற்கரை நாலாவது ரயில் பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கு வராமல் நிறுத்தி வைத்திருந்தார்களே, அந்த பதினாலு மாதம் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி தினமும் வேறு வண்டி பிடித்தோம். ஒரு ரயில் நின்றால் இந்த வட்டாரத்தில் வேலை செய்பவர் வாழ்க்கை எப்படிக் கலைகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். மொத்தக் கடைகள் இருக்காது, ரயிலும் பல ஞாயிறுகளில் பராமரிப்புக்காகக் குறைவு. வார நாளில் பத்தரை மணிக்குத் தெருவில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். அதற்கு முன்னால் போனால் ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும். நாலு, நாலரைக்குள் கடற்கரை நிலையம் வந்துவிட்டால் பெண்கள் பெட்டியில் நிம்மதியாக உட்காரலாம். ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் கூட்டம்.

நீதிமன்ற வளாகத்துக்குள் புகுந்து ராஜாஜி சாலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் போக வேண்டாம். முன்பு எல்லோரும் அப்படித்தான் போவார்கள். 2015-லிருந்து மத்தியப் படையின் பாதுகாப்பு, வாசலில் சோதனை. வேலை இல்லாமல் விடமாட்டார்கள். என்.எஸ்.சி. போஸ் சாலையோடு நேராக பாரி கட்டிடம் வரை நடந்து இடது பக்கம் திரும்பினால் பர்மா பஜார், அதன் எதிரே ரயில் நிலையம். நடைபாதை முழுக்கக் கடை, கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

பேருந்தில் வருவதாக இருந்தால் மட்டும் அன்றைக்கு விசாரித்துவிட்டு வாருங்கள். பிராட்வே நிலையத்தையும் குறளகத்தையும் இடித்துக் கட்டும் திட்டத்தால் வண்டிகள் நிற்கும் இடம் மாறுகிறது. கழிப்பறை சங்கடம் இந்த வட்டாரத்தில் பெரிய சங்கடம். நான் நம்புவது மெட்ரோ நிலையத்தை மட்டும்தான். பசித்தால் ரயில் ஏறும் முன் பர்மாக்காரர்களின் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டுப் பாருங்கள், எலுமிச்சையும் வறுத்த வெங்காயமும் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள்.

---

செங்கை அச்சகம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வியாழக்கிழமை போய்விட்டு வந்தேன்.

கோட்டையில் இறங்கினேன். நான் இறங்கி, மேம்பாலம் ஏறிப் பார்க்கும்போதும் நான் வந்த வண்டி அடுத்த சிக்னலில் நின்றுகொண்டிருந்தது, ஐயா. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பத்தே முக்காலுக்கு ஆண்டர்சன் தெரு. நீங்கள் சொன்னபடி முதலில் எதுவும் வாங்காமல் நடந்தேன். மூன்று கடையில் எடுத்து, ஒரே கடையில் சேர்த்து, ஐந்து பெட்டி பார்சல் போட்டேன். மீன்பாடி வண்டிக்காரர் பெட்டிகளைச் செங்கல் அடுக்குவது போல் அடுக்கி, கயிற்றை ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டதை நின்று பார்த்தேன். கையில் மாதிரி கார்டுப் பை மட்டும். நாலேகாலுக்குக் கடற்கரையில் ஜன்னலோர இருக்கை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் “கோட்டையில இறங்கி, கடற்கரையில ஏறினேன்பா” என்றேன். இடது கையை நீட்டி, அன்றைக்குக் காட்டிய மாதிரியே மறுபடியும் காட்டினார். இப்போது புரிந்தது, வண்டி வெளியே நிற்பதைத்தான் காட்டியிருக்கிறார்.

அப்புறம் மாதிரிகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார். நாலாவது கார்டில் விரல் நின்றது. மறுபடி அழுத்தினார். தலையை ஆட்டிவிட்டுத் தள்ளி வைத்தார். 300 ஜி.எஸ்.எம். என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், மற்றதோடு வைத்துப் பார்த்தால் மெலிசுதான். அதில் 600 கார்டு பார்சலில் வருகிறது. ஐயா, மாற்றித் தருவார்களா?

---

காகிதக்கடைக் கணக்கர் எழுதியது:

தருவார்கள் அம்மா. பார்சல் வந்ததும் அந்தப் பெட்டியை மட்டும் பிரிக்காமல், ஒரு கார்டுகூட அச்சுக்குப் போடாமல் வையுங்கள். இன்றே கடைக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள், நாள் தள்ளினால் பேச்சு வரும். திங்கள் கூட்டமாக இருக்கும், செவ்வாய் பில்லோடு போங்கள். அப்பா தள்ளி வைத்த அந்த மாதிரியையும், நல்லது என்று வைத்துக்கொண்டதில் ஒன்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். இரண்டையும் கடைக்காரர் கையில் கொடுத்தால் போதும், நீங்கள் எதுவும் பேச வேண்டியிருக்காது.