சுழன்ற வண்ணத்தட்டும் ஒரு சிறுமியின் பதிலும்

முதல் பதிவு:
மூன்றாம் வகுப்பில் நியூட்டன் வண்ணத்தட்டைச் சுழற்றிக் காட்டினேன். ஏழு நிறங்களும் சேர்ந்து வெள்ளையாகத் தெரியும் என்று முன்னதாகவே சொல்லிவைத்திருந்தேன். தட்டு வேகமெடுத்ததும் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "மிஸ், இது சாம்பல் நிறம்தானே?" என்றாள். "நன்றாகப் பார், வெள்ளைதான்" என்றேன். மற்றவர்கள் ஒரே குரலில் "வெள்ளை" என்றார்கள். அவள் தட்டை மறுபடி பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு "வெள்ளை" என்றாள். அது சாம்பலாகத்தான் இருந்தது என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது.

இரண்டாம் பதிவு:
எங்கள் வகுப்பில் வடிதாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து, தாளின் அடிநுனியை மட்டும் நீரில் தொடவிட்டோம். நீர் ஏற ஏற நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் பிரிந்தன. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, ஒரு சிறுவன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்து, "அப்படியென்றால் கறுப்பு எங்கே போயிற்று?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது, பதில் சொல்லாமலே வந்துவிட்டேன்.

மூன்றாம் பதிவு:
முதல் பதிவை எழுதியவர் வருந்த வேண்டியதில்லை. தட்டு சரியாகவே வேலைசெய்திருக்கிறது. ஒவ்வொரு வண்ணப் பட்டையும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை மட்டும் திருப்பி அனுப்பி மிச்சத்தை உறிஞ்சிக்கொள்வதாலும், சுழலும்போது கண் அவற்றின் சராசரியையே காண்பதாலும், அது வெள்ளைத் தாளின் பொலிவை எட்டவே எட்டாது. 1666இல் நியூட்டன் முப்பட்டகத்தின் வழியே பிரித்தது சூரிய ஒளியை; வண்ணம் பூசிய அட்டையை அல்ல. மேலே கேட்கப்பட்ட கறுப்பும் இப்படித்தான்: ஆளுக்கொரு பங்கு ஒளியை விழுங்கும் சாயங்கள் ஒன்றாக இருந்தவரை கறுப்பு, பிரிந்ததும் இல்லை. ஆகவே தட்டை மூட்டைகட்டிவிட்டு, சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித்தாள் சுற்றிய மூன்று டார்ச்சுகளை இருட்டறையில் வெள்ளைச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடியுங்கள். தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள், ஒற்றை மடிப்பில் நிறம் வெளிறிவிடும். முடிவை முன்கூட்டியே சொல்லாதீர்கள். என் வகுப்பில் சிவப்பும் பச்சையும் கலந்தால் பழுப்பு என்று வாட்டர்கலரில் பழகிய பிள்ளைகள், சுவரில் மஞ்சளைக் கண்டதும், உள்ளே மஞ்சள் தாள் ஒளிந்திருக்கிறதா என்று டார்ச்சைப் பிடுங்கிப் பார்த்தார்கள்.

முதல் பதிவர் மீண்டும்:
விளக்கத்துக்கு நன்றி, ஆனால் தட்டு ஏன் சாம்பலாகத் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிறுமி இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். சென்ற வாரம் லிட்மஸ் தாளை நீட்டி என்ன நிறம் என்று கேட்டேன். முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள்.