இங்கிலாந்துக் கிராமத்தில் 8 மாதம்: ஊரோடு எப்படி ஒட்டிக்கொள்வது?

சஃபோக்குக்குப் புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் ஈஸ்ட் ஹாமில் 9 வருஷம் இருந்தோம், கணவருக்கு வேலை மாறியதால் போன அக்டோபரில் சஃபோக்கில் ஒரு கிராமத்துக்கு வந்துவிட்டோம். 400 வீடு இருக்கும். சர்ச், பப், சின்னக் கடை, வில்லேஜ் ஹால், அவ்வளவுதான். பஸ் நாளைக்கு 4 தடவை, ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது.

ஜனங்கள் நல்லவர்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் குட் மார்னிங் சொல்கிறார்கள், மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசுகிறார்கள், அதோடு சரி. ஈஸ்ட் ஹாமில் வெள்ளிக்கிழமை மகாலட்சுமி கோயிலுக்குப் போனால் திரும்பி வருவதற்குள் பத்துப் பேரிடம் நின்று பேசியிருப்பேன். இங்கே இன்னும் ஒருவர் வீட்டு வாசப்படியும் மிதிக்கவில்லை. பையனுக்கு 7 வயது, அவனாவது இந்த ஊர்ப் பையனாக வளர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

மாசா மாசம் பாரிஷ் மேகசின் கதவு வழியாக வந்து விழுகிறது. அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிடுவேன். நடமாடும் நூலகம் எங்கே எத்தனை மணிக்கு நிற்கும், கல்லறைத் தோட்டத்துப் புல்லை வெட்டியது யார், யார் கேக் செய்து கொடுத்தார்கள் என்று எல்லாம் இருக்கும். இந்த மாசம் மூன்று செய்தி: ஆகஸ்டில் ஃப்ளவர் ஷோ, செப்டம்பர் கடைசியில் சர்ச் நடத்தும் ஹார்வெஸ்ட் சப்பர் என்ற அறுவடை விருந்து, அப்புறம் கடைக்காரத் தம்பதி ஓய்வு பெறுவதால் கடை மூடப்படலாம், அதற்கு ஒரு கூட்டம். நாங்கள் இந்துக்கள், சர்ச் விருந்துக்குப் போகலாமா? கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் இவர்கள் யார் என்று பார்ப்பார்களோ? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

டெவான்வாசி:

கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள் சகோதரி. அதற்கு முன்னால் வில்லேஜ் ஹாலுக்கு வெளியே கண்ணாடிக் கதவு போட்ட நோட்டீஸ் போர்டு இருக்கும், அதை வாரம் ஒரு தடவை பாருங்கள். பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்கு மூன்று நாளாவது முன்னால் அறிவிப்பு ஒட்டியாக வேண்டும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பாரிஷ் என்ற பெயரைப் பார்த்துச் சர்ச் சமாசாரம் என்று நானும் ரெண்டு வருஷம் ஒதுங்கியே இருந்தேன். அப்படி இல்லை. 1894 சட்டத்தில் சர்ச்சிலிருந்து பிரித்து உண்டாக்கிய ஊராட்சி அது. வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ் பில்லைப் பாருங்கள், பாரிஷுக்கு என்று ஒரு தனித் தொகை இருக்கும், அந்தப் பணம் உங்களுடையது.

இன்னொன்று, நம்மில் நிறையப் பேர் கவனிக்காதது. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு சட்டப்படி இங்கே தங்கியிருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் இங்கே ஓட்டுப் போடலாம். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். ஐ.எல்.ஆர். (காலவரையின்றி இங்கே தங்கும் அனுமதி) வந்துவிட்டால் பாரிஷ் கவுன்சிலுக்கே நிற்கலாம், எத்தனையோ ஊரில் ஆள் இல்லாமல் இடம் காலியாகக் கிடக்கிறது.

எங்கள் ஊரில் பழைய சிவப்பு டெலிபோன் பெட்டியை பி.டி. என்ற டெலிபோன் கம்பெனியிடமிருந்து 1 பவுண்டுக்கு வாங்கி அதற்குள் டிஃபிப்ரிலேட்டர் (இதயம் நின்றுபோனவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) வைத்திருக்கிறோம். வாரா வாரம் போய் பச்சை விளக்கு எரிகிறதா, நெஞ்சில் ஒட்டும் பேட் காலாவதியாகவில்லையா என்று பார்த்து எழுதி வைப்பது என் பொறுப்பு. ரெண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த வேலை கைக்கு வந்த பிறகுதான் வழியில் நிறுத்திப் பேச ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் நான் மூலை வீட்டில் புதிதாக வந்தவன், அவ்வளவுதான்.

சுரோப்ஷைர் அக்கா:

தங்கச்சி, ஹார்வெஸ்ட் சப்பருக்கு யோசிக்காமல் போங்கோ. கோர்ன்வாலில் மோர்வென்ஸ்டோ என்ற ஊரில் 1843இல் ரொபர்ட் ஹோக்கர் என்ற பாதிரியார் இப்போதைய மாதிரி அறுவடை ஆராதனையைத் தொடங்கினவர், அங்கிருந்து நாடு முழுக்கப் பரவினது. எங்கட தைப்பொங்கலை விளங்கின எவருக்கும் இது விளங்கும். சர்ச்சுக்குள் பூசணி, அப்பிள், பாண், டின் சாமான் எல்லாம் அடுக்கியிருப்பினம், பிறகு அநேகமாக இல்லாதவைக்குச் சாப்பாட்டுச் சாமான் குடுக்கிற ஃபூட் பாங்குக்குப் போகும். சாப்பாடு ஹாலில். மரக்கறி மட்டும் என்றால் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கோ, கடைசி நேரத்தில் சொன்னால் அவைக்குத்தான் சங்கடம்.

சாப்பாடு முடிந்ததும் மேசையில் இருக்காதேங்கோ. எழும்பி ஹால் குசினிக்குள் போய் ஒரு துவாயை எடுத்துக் கோப்பை துடையுங்கோ. ரெண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய அலுமினியத் தேநீர்ப் பானை ஒன்று இருக்கும், பிடியில் துணி சுற்றியிருக்கும். அதை என் கையில் தந்த இரவைத்தான் நான் ஊருக்குள் வந்த நாள் என்று வைத்திருக்கிறன். 14 வருஷத்துக்கு முந்தி.

ஃப்ளவர் ஷோவுக்கும் ஏதாவது குடுங்கோ, பூ மட்டும் இல்லை, காய்கறி, கேக், சட்னி எல்லாத்துக்கும் போட்டி இருக்கும். அவரைக்காயைக் கறுப்புத் துணியில் வரிசையாக வைத்து நீளம் அளப்பினம், விக்டோரியா ஸ்பொஞ் கேக்குக்கு நடுவில் ராஸ்ப்பெரி ஜாம்தான், மேலே சீனி, கிரீம் பூசக்கூடாது. விதிகள் எழுதின தாளை வரிக்கு வரி வாசியுங்கோ. நான் முதல் வருஷம் மாங்காய்ச் சட்னி வைத்தன், நல்ல ருசி. நடுவர் துண்டில் என்.ஏ.எஸ். என்று எழுதிவிட்டுப் போய்விட்டா. விதிப்படி இல்லை என்று அர்த்தம். போத்தல் மூடியில் கொம்பனிப் பெயர் இருந்ததாம்! அன்றைக்கு அழுகை வந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற மனுசி அடுத்த நாள் ஆறு வெறும் மூடியோடு வீட்டுக்கு வந்தா. இன்றைக்கும் என் நல்ல சிநேகிதி அவதான்.

கடை வாலண்டியர்:

கடை விஷயத்தை விட்டுவிடாதீர்கள். கிராமத்தில் கடை போனால் பஸ் ஏற முடியாத வயசானவர்களுக்கு ரொட்டி பால் போகிறது, ஆள் முகம் பார்ப்பதும் போகிறது. நாங்கள் 6 வருஷத்துக்கு முன்னால் ஊரே சேர்ந்து பங்கு வாங்கி எங்கள் கடையை எடுத்தோம். கம்யூனிட்டி பெனிஃபிட் சொசைட்டி, அதாவது ஊர் நன்மைக்கான சங்கம் என்று பதிவு செய்வார்கள், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அந்தப் பங்கை லாபத்துக்கு விற்க முடியாது, ஆகவே சம்பாதிக்கும் எண்ணத்தோடு யாரும் பணம் போடக்கூடாது. பிளங்கெட் யூ.கே. என்று ஒரு அறக்கட்டளை இந்த மாதிரிக் கடைகளுக்கும் பப்களுக்கும் வழி காட்டுகிறது, கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

பணம் திரட்டுவதைவிட ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். சனிக்கிழமை காலை 6 மணிக்கு வந்து பேப்பர் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் இணைப்பைச் செருகி, எந்த வீட்டுக்கு எது என்று மேலே பென்சிலால் எழுத வேண்டும். மூன்று வாரத்தில் எனக்கு ஊரில் பாதிப் பேர் பெயர் மனப்பாடம்.

சஃபோக்குக்குப் புதுசு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்றுக் கூட்டத்துக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். 60 பேருக்கு மேல், நாற்காலி பற்றவில்லை. சமூகக் கடையாக எடுத்து நடத்தலாமா என்று பேச்சு வந்தபோது பிளங்கெட் பெயரைச் சொன்னேன், முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்து அதை எப்படி எழுதுவது என்று கேட்டார், எழுந்து போய் எழுதிக் கொடுத்தேன். ஆள் பட்டியலில் சனிக்கிழமை 8லிருந்து 10 வரை என் பெயர் இருக்கிறது. பையன் பிஸ்கட் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனான்.

அக்கா, ஒரு சந்தேகம். எலுமிச்சை ஊறுகாயை சட்னி பிரிவில் வைக்கலாமா, இல்லை அதற்கும் என்.ஏ.எஸ். போட்டுவிடுவார்களா?