செவிப்புலனற்ற சக ஊழியருடன் பேசச் சைகை மொழியை எங்கிருந்து தொடங்குவது?

வாவிக்கரையான் (களுவாஞ்சிகுடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன்பு கடதாசி வெட்டும் இயந்திரத்துக்கு ஓர் அண்ணன் வந்து சேர்ந்தார். பிறவியிலேயே காது கேளாதவர். வேலையில் எங்கள் எல்லோரையும் விடச் சுத்தமானவர். கல்யாண அட்டை ஆயிரம் வெட்டினாலும் ஓரத்தில் ஒரு பிசிறு இருக்காது. வேலை விஷயங்களைக் கழிவுக் கடதாசியில் எழுதிக் காட்டி இதுவரை சமாளித்துவிட்டோம். ஆனால், தேநீர் வேளையில் நாங்கள் நால்வரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிபடாமல் கைபேசியை எடுத்துக்கொள்வது எனக்கு மிகவும் உறுத்தலாக இருக்கிறது.

யூடியூபைப் பார்த்து அமெரிக்கச் சைகை எழுத்துகள் 26ஐயும் இரண்டு வாரம் பாடமாக்கி, ஒரு நாள் அவருடைய பெயரை எழுத்துக் கூட்டிக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, விரலில் ஏதும் காயமா என்று சைகையால் விசாரித்தார்.

இன்னொன்றும் உண்டு. சென்ற வாரம் “நாளை அம்மா கிளினிக் நான் வேலை இல்லை” என்று எழுதி நீட்டினார். வேலையை விட்டுவிட்டாராக்கும் என்று பதறிப்போனேன். அவர் கேட்டதோ ஒரு நாள் லீவு. சாதாரண தரம் வரை படித்தவர் ஏன் இப்படி எழுதுகிறார் என்று அவரிடமே கேட்கக் கூச்சமாக இருக்கிறது. முறையாகக் கற்க வழி சொல்லுங்கள்.

மருதமுனைத் தங்கை எழுதியது:

சகோதரருக்கு, என்னுடைய மூத்த நானா (அண்ணன்) செவிப்புலனற்றவர் என்பதால் வீட்டில் பழகியதைச் சொல்கிறேன். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பேசுவது ஆங்கிலமே என்றாலும், அமெரிக்கச் சைகை மொழி பிரெஞ்சுச் சைகை மொழியின் வழியில் வளர்ந்ததால் இரு நாட்டுச் செவிப்புலனற்றவர்களுக்கும் ஒருவர் சைகை மற்றவருக்கு விளங்காது. தமிழ்நாட்டுக் காணொளிகளில் வருவது இந்தியச் சைகை மொழி. நம் இலங்கையிலோ செவிப்புலனற்றோர் பாடசாலைக்குப் பாடசாலை சைகை மாறும்: 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையில் படித்தவருடைய சைகையும், யாழ்ப்பாணம் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவருடைய சைகையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆகவே அவர் எந்தப் பாடசாலையில் படித்தார் என்று முதலில் கேளுங்கள். பிறகு அவரையே ஆசிரியராக்கிக்கொள்ளுங்கள்.

அவருடைய எழுத்தைப் படிப்புக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். ‘அம்மாவை’, ‘கிளினிக்குக்கு’ என்று வேற்றுமை உருபுகளை நாம் இலக்கணப் புத்தகத்திலா கற்றோம்? தொட்டிலில் கிடக்கும்போதே காதில் விழுந்து விழுந்து வந்தவை அவை. அந்தக் காது வழி இல்லாதவருக்கு எழுத்துத் தமிழ் ஓர் இரண்டாம் மொழி. அவர் எழுதியதை மீண்டும் பாருங்கள்: முதலில் காலம், அடுத்து காரணம், கடைசியில் தன் நிலை. சைகை மொழிகள் பலவற்றில் காலத்தை முதலில் நிறுத்துவது வழக்கம். என் நானாவும் இந்த ஒழுங்கில்தான் வாட்ஸ்அப்பில் எழுதுவார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (செங்கலடி) எழுதியது:

தங்கை சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால், சைகை வந்துவிட்டது என்று எழுதிக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். சம்பளக் கணக்கு, மருந்தின் அளவு, இயந்திரத்தின் ஆபத்து ஆகியவற்றை அரைகுறைச் சைகையில் சொல்வது பெரும் பிழையில் முடியும்; அவற்றைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதியே காட்டுங்கள்.

உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வார் என்றும் நம்பியிருக்க வேண்டாம். கண்ணாடி முன் நின்று குரல் எழுப்பாமல் ‘பணம்’, ‘மணம்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே விதமாக மூடித் திறக்கும். ககரமோ தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே தெரியவே தெரியாது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை வகுப்பறையிலிருந்து விலக்கி வாய்ப்பேச்சையே வற்புறுத்தத் தீர்மானித்ததன் விளைவைப் பல தலைமுறைப் பிள்ளைகள் அனுபவித்தார்கள்.

கற்கும்போது கையை மட்டும் பார்க்காதீர்கள். புருவத்தை உயர்த்தினால் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி. புருவத்தைச் சுருக்கினால் யார், எங்கே, ஏன் என்ற கேள்வி. இவ்வழக்கு பல சைகை மொழிகளுக்குப் பொது. முகத்தை மரம்போல் வைத்துக்கொண்டு கையை அசைப்பவர் தமிழில் வினைச்சொல்லை விழுங்கிப் பேசுபவருக்கு ஒப்பானவர். யன்னல் வெளிச்சம் உங்கள் முதுகில் விழும்படி நின்றால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சம்மாந்துறையான் எழுதியது:

எங்கள் அரிசி ஆலையில் இயந்திரம் ஓடத் தொடங்கினால் காது கேட்பவர்களும் கையால்தான் பேசுகிறோம். மூட்டைக் கணக்கு, ‘நிறுத்து’, ‘முதலாளி வருகிறார்’ எல்லாம் கையில்தான். உங்கள் அச்சகத்திலும் சத்தம் இருக்குமே? அந்த வேலைச் சொற்களிலிருந்தே தொடங்கலாம்.

வாவிக்கரையான் எழுதியது:

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. நேற்றுத் தேநீர் வேளையில் அவரிடமே கற்றுத் தரும்படி கேட்டேன். அவர் ‘கடதாசி’, ‘வெட்டு’, ‘மை’ ஆகிய மூன்றையும் காட்டி, நான் பிழை விட்டபோதெல்லாம் என் விரலைப் பிடித்து நேராக்கினார். செவிப்புலனற்றவர்கள் தமக்குப் பழக்கமானவர்களுக்குச் சைகைப் பெயர் சூட்டுவார்கள் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. என் வலது பெருவிரலில் எப்போதும் மை ஒட்டியிருக்குமாம். பெருவிரலைச் சுட்டுவிரலால் இரண்டு முறை தேய்த்தால் அது நான். ஐந்து மாதமாக என்னை அவர் மனத்தில் அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தாராம். மற்ற மூவரும் தங்கள் பெயர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். முதலாளிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதினால் எனக்கும் வேலை இல்லை.