வெள்ளவத்தையில் மிருதங்கம் சுருதி நிற்குதில்லை: வீட்டில் என்ன செய்யலாம்?

கடலோரமாடி:
மகன் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யிறான். வீடு காலி வீதிக்குக் கடல் பக்கம். ஐந்து கட்டை (சுருதி அளவு) மிருதங்கம், மழை தொடங்கினாப் பிறகு நாலரைக்கு இறங்கிட்டுது. வலந்தலையில (வலப்பக்க முகத்தில) ஒரு பக்கம் ஒரு நாதம், மற்றப் பக்கம் வேற. கரணை (முகத்தின்ர நடுவில இருக்கிற கறுப்பு வட்டம்) ஓரத்தில பொடியாக் கொட்டுது. எதை நாங்களே பாக்கலாம், எதுக்கு மிருதங்கம் திருத்திறவையிட்டக் குடுக்கவேணும்?

அரைக்கட்டை:
அரைக் கட்டை இறங்கினதை இப்ப விடுங்கோ. தோல் ஈரத்தை உறிஞ்சினால் தொய்யும், பாரமும் கூடும்; இறங்கத்தான் செய்யும். நாதம் சமமில்லாததுதான் அவசரம். அதோட பழகினால் பிள்ளையின்ர காது கெட்டுப்போகும்.

மோதிரவிரலைக் கரணை விளிம்பில லேசாத் தொட்டபடி, வார் (தோல்பட்டி) கோர்த்த 16 கண்ணுக்கும் (துளைக்கும்) நேரா சுட்டுவிரலால ஒவ்வொண்டா மீட்டிப் பாருங்கோ. இறங்கி நிக்கிற இடத்தில விளிம்புப் பின்னல்மேல மரக்கட்டையை வைச்சு, மிருதங்க நடுப்பக்கமாக் கல்லால மெல்லத் தட்டினால் ஏறும். எதிர்ப்பக்கமாத் தட்டினால் இறங்கும். ஒரு கண்ணில ரெண்டு தட்டு, உடனே நேரெதிர்க் கண்ணையும் பாருங்கோ. ஒரே இடத்தில அடிச்சுக்கொண்டிருந்தால் மூட்டு (பின்னலோட சேர்ந்த தோல் முகம்) சரிஞ்சுபோகும். கல்லை நேரா வாரில போடாதேங்கோ, வார் வெட்டுப்படும்.

எல்லாக் கண்ணும் சமமாகி, ஆனால் நாலரையிலேயே நிண்டால், வீட்டுப் பயிற்சிக்குச் சுருதிப்பெட்டியை நாலரைக்கு இறக்குங்கோ.

பட்டறைப்பக்கம்:
மேலே சொன்னதோடு ஒன்று. மழை நாளில் அடித்து அடித்து ஐந்துக்கு ஏற்றி வைத்தால், ஏசி மண்டபத்தில் தோல் காய்ந்து ஐந்தையும் தாண்டும். கண்ணோரத்தில் தோல் கிழிவது பெரும்பாலும் அப்படித்தான். பரீட்சை நாளில் அரை மணித்தியாலம் முன்னமே போய், உறையைக் கழற்றி அந்த அறைக் காற்றில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள். வெயிலில் காயவைக்கவே வேண்டாம்.

கரணையில் மயிரிழை வெடிப்பு இருக்கத்தான் வேண்டும். அதனால்தான் தோல் அசைகிறது. ஓரத்தில் கொஞ்சம் உதிர்வது பரவாயில்லை. நடுவில் பொருக்காகப் பெயர்ந்தால், அல்லது மீட்டும்போது கரகரத்தால், சுரண்டி மறுபடி சோறு போடவேண்டும். சோறும் கல்பொடியும் சேர்ந்த களியைப் படைபடையாகத் தேய்த்து ஏற்றுகிற வேலை அது, பட்டறைக்குத்தான். பசை பூசி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பூசினால் கரணை விறைத்து, நாதம் செத்துவிடும்.

கடலோரமாடி:
நன்றி. தொப்பியில (இடப்பக்க முகத்தில) அப்பின ரவையை அப்பிடியே விட்டிட்டு அடுத்த நாள் தண்ணி தெளிச்சு வாசிக்கிறான். அது சரியோ?

அரைக்கட்டை:
கூடாது. காய்ஞ்ச ரவை தோலை இழுத்துச் சுருக்கும். போதாததுக்கு கொழும்புக் கரப்பான் ரவையோட சேர்த்துத் தோலையும் அரிக்கும். வாசிச்சு முடிஞ்ச உடன விரலால எடுத்து, ஈரத்துணியால துடைச்சுக் காயவிட்டுத்தான் உறை போடவேணும். ஒவ்வொரு முறையும் புது ரவை, ரெண்டு தேக்கரண்டி காணும். குழைச்சுப் பத்து நிமிஷம் ஊறட்டும். கனக்க அப்பினால் தொப்பி இன்னும் இறங்கும், குறைஞ்சால் கும்காரம் (கும்மெண்ட ஆழமான நாதம்) வராது. கீழ்ஸ்தாயி சட்ஜத்தில நிக்கிறவரைக்கும் கூட்டிக் குறைச்சுப் பாருங்கோ.

பட்டறைப்பக்கம்:
வாருக்குப் பதிலாகப் போல்ட் போட்ட மிருதங்கம் வாங்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். முடுக்குவது சுகம்தான். ஆனால் அதிலும் மூட்டு தோல்தானே, கடற்காற்றுக்கு அதுவும் இறங்கும்.