கொல்லையில் சாரை: அடிப்பதா, விடுவதா?

களத்துமேடு:
கும்பகோணம் பக்கம், வயலை ஒட்டின வீடு. கொல்லையில் விறகு அடுக்கு, மாட்டுக் கொட்டகை, கோழிக்கூண்டு எல்லாம் உண்டு. ரெண்டு வாரமா ஆறடி நீளத்துல ஒரு சாரை பகல்லயே விறகுப் பக்கம் வந்து போகுது. "சாரை வந்தா பின்னாலேயே நல்ல பாம்பு வரும், அது மாட்டு மடியிலயும் பால் குடிக்கும், அடிச்சுப் போடு"ன்னு வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்கிற வீடு. அடிக்காம விட்டா ஆபத்து உண்டா? புளியமரத்து வௌவாலையும் விரட்டச் சொல்றாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வரப்பு:
அடிக்க வேண்டாம் நண்பரே. முதலில் அது சாரைதானா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சாரைக்குக் கண் பெரிது, உருண்டை. கழுத்து தலையைவிடத் தெளிவாக ஒடுங்கியிருக்கும். உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள் நிற்கும், உடலின் பின்பாதியில் கறுப்புப் பட்டைகள் தெரியும். ஆளைக் கண்டால் வேகமாக ஓடிவிடும். நல்ல பாம்புக்குத் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே அகலம், கண் சிறிது, மிரண்டால் படம் எடுக்கும். குட்டியாக இருக்கும்போதே எடுக்கும்.

பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. சாரை நல்ல பாம்பைக் கூட்டி வருவதில்லை. இரண்டும் வெவ்வேறு இனம், இணை சேராது. பிணைந்து ஆடுவதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று தரையோடு அழுத்திப் பார்க்கும் பலப்பரீட்சை. ஆனால் சாரை எதைத் தேடி உங்கள் விறகுக்கு வருகிறதோ, அதே எலியைத் தேடித்தான் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். சாரையை அடித்துவிட்டால் எலி அங்கேயேதான் இருக்கும். அடுத்து வருவது விஷமில்லாததாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பால் குடிப்பது நடக்காத காரியம். உறிஞ்சுவதற்கான உதடு பாம்புக்குக் கிடையாது. பின்னோக்கி வளைந்த ஊசிப் பற்கள் மடியில் பட்டால் மாடு சும்மா நிற்காது. கொட்டகையில் வைக்கோலும் தவிடும் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், அதற்காகவே வருகிறது. பாம்பை அடிப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

வார்டு செவிலி:
பகலில் கண்ணுக்குத் தெரியும் சாரையைப் பற்றி வீடே பேசுகிறது. உங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை நீங்கள் அஞ்ச வேண்டியது ராத்திரியில் சத்தமில்லாமல் வரும் கட்டுவிரியனுக்கு. தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது. கடி பெரும்பாலும் வலிக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்குது என்று எழுந்து, இமை தொங்கி, எச்சில் விழுங்க முடியாமல் திணறினால், "ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று சுக்குக் கஷாயம் கொடுத்து உட்கார்ந்திருக்காதீர்கள். கடித்த அடையாளம் இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சுத் தசைகள் செயலிழந்துதான் இதில் உயிர் போகிறது.

தடுக்கும் வழி எளிது. கட்டிலில் படுக்க வையுங்கள். கொசுவலை கட்டி, அதன் விளிம்பை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகுங்கள். கட்டில் இல்லாவிட்டால் பாய்க்கு அடியில் செருகினாலும் பயன் உண்டு. ராத்திரி வெளியே போனால் டார்ச், செருப்பு இரண்டும் வேண்டும்.

கட்டுவிரியன் என்று நினைத்துப் பலர் அடித்துப் போடுவது சுவரேறும் ஓநாய்ப் பாம்பை. அதற்கு விஷம் இல்லை, பல்லி தின்ன வருவது. ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் தலைப்பக்கம் தெளிவாக இருந்து வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: கழுத்தருகே மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், வாலை நோக்கித் தெளிவாகும், வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக வரும். சந்தேகம் இருந்தால் விஷமுள்ளது என்றே வைத்துக்கொண்டு தீயணைப்புத் துறையின் 101க்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

கடிபட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். இறுக்கிக் கட்டிய கை கால் அழுகிப்போகும். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசையாமல் மட்டையோடு சேர்த்து மென்மையாகக் கட்டி, நடக்க விடாமல் 108இல் ஏற்றுங்கள். பாம்பைப் பிடித்துவர நேரத்தைச் செலவிடாதீர்கள். இங்கே கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. முதல் தவணை வழக்கமாக 8 முதல் 10 குப்பி. பிள்ளைக்கும் பெரியவருக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு, ஆண்டுக்கு ஏறக்குறைய 58,000. பயம் நியாயமானது. அது விழ வேண்டிய இடம் சாரை இல்லை.

புங்கநிழல்:
சாரையை அடிக்கக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் "சாரை இருக்கட்டும், எலியை அது பார்த்துக்கும்" என்று விட்டால் போதாது. பெண் எலிக்கு மூன்று வாரத்தில் ஈற்று, ஒரு ஈற்றில் ஆறு முதல் பத்துக் குட்டி. ஒரு சாரையால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. இடத்தை மாற்றுங்கள்.

விறகைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கல்லோ இரும்புச் சட்டமோ போட்டு அடுக்குங்கள். சுவருக்கும் விறகுக்கும் நடுவே ஒரு முழம் விடுங்கள். பழைய அடுக்கைப் பிரிப்பது பகலில், மேலிருந்து கீழாக. பூட்ஸ் போட்டு, கழியால் புரட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கோழித் தீவனமும் தவிடும் மூடியுள்ள தகர டின்னுக்குள் போகட்டும். வடிகால் வாய்க்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை. கோழிவலையின் பெரிய கண்ணில் குட்டிப் பாம்பு சுலபமாக நுழையும். கதவுக்கு அடியில் சுண்டுவிரல் நுழையும் சந்து இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். செங்கல் குவியல், தேங்காய் மட்டை, பழைய ஓடு வீட்டை ஒட்டி வேண்டாம்.

களத்துமேடு:
நன்றிங்க. பூண்டு, பெருங்காயம் கரைச்சுத் தெளிக்கலாமா? சிறியாநங்கை வைக்கவும் சொன்னாங்க. எலிக்கு மருந்து வைக்கலாமா?

வரப்பு:
பூண்டு, பெருங்காயம், ஃபினாயில், சிறியாநங்கை எதையும் நம்பிப் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். வாசனை சில மணி நேரத்தில் போய்விடும், எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரத்தான் செய்யும்.

வீட்டு வளாகத்தில் மருந்து வேண்டாம், பொறிக்கூண்டு வையுங்கள். மருந்து தின்று தள்ளாடும் எலியைக் கோழி, பூனை, கூகை (ஆந்தை) தின்றால் அவையும் சாகலாம். வயலில் கட்டாயம் என்றால் முதல் நாள் மாலை எல்லா வளைகளையும் மண்ணால் மூடுங்கள். மறுநாள் திறந்திருப்பதே எலி உள்ள வளை. அதில் இரண்டு நாள் மருந்தில்லாத பொரியோ அரிசியோ வைத்துப் பழக்குங்கள், பழக்காமல் வைத்தால் கொஞ்சம் தின்று உடம்புக்கு ஆகாமல் அப்புறம் தொடவே தொடாது. பிறகு 96 பங்கு தானியம், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு ஜிங்க் பாஸ்பைடு. வெறுங்கையால் கலக்காதீர்கள், ஈரம் பட்டால் நச்சு வாயு வரும், அதற்கு மாற்று மருந்து இல்லை. செத்த எலியைப் பொறுக்கிப் புதையுங்கள். இதைவிடத் தஞ்சாவூர் கிட்டி என்ற வில் பொறியை வரப்போரம் வைப்பது எவ்வளவோ மேல். வரப்பையும் 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு ஒடுக்குங்கள், அகல வரப்பில்தான் எலி வளை தோண்டும்.

கூகை வந்து உட்கார்ந்தால் கல்லெறியாதீர்கள். அலறினால் சாவு வரும் என்பார்கள். அது வருவதும் எலிக்குத்தான்.

இலுப்பைத்தோப்பு:
வௌவால் கேள்வியை எல்லாரும் விட்டுட்டீங்க. புளியமரத்துல தலைகீழாத் தொங்குறது பெரிய பழந்தின்னி வௌவாலா இருந்தா, இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கிறதும் விதையைத் தூரமாக் கொண்டுபோய்ப் போடுறதும் அதுதான். வருஷத்துக்கு ஒரே குட்டி, அதனால கூட்டத்தைக் கலைச்சா மறுபடி பெருக ரொம்ப வருஷம் ஆகும். 1972 சட்டத்துல காக்கா, எலியோட சேர்த்துப் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர்ப் பட்டியல்ல வச்சிருந்தாங்க. 2022 திருத்தத்துல அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க. வெடி போட்டு விரட்டாதீங்க. ஆஸ்துமாவுக்கு அதன் கறி நல்லதுன்னு யாராவது கேட்டு வந்தா கொடுக்காதீங்க, அதுல மருந்து எதுவும் இல்லை.

பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. 2018ல் கோழிக்கோட்டுல நிபா வந்தப்போ இந்த இனத்து வௌவால்கள்ல அந்த வைரஸ் இருந்தது. அதனால காலையில பிள்ளைங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னால மரத்தடியைப் பெருக்கி, கடிச்சுப் போட்ட பழத்தைக் குழியில தள்ளுங்க. கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால தொட வேண்டாம். கிணறு மரத்துக்குக் கீழே இருந்தா வலையோட மூடி போடுங்க. பக்கத்துல பதநீர் இறக்கினா கலயத்து வாயையும் பாளையையும் ஓலையால மூடச் சொல்லுங்க.