ஒன்றரை டன் ஏற்றி, பின்னால் கலவை மெஷினும் இழுக்க எந்த பிக்கப்?

சென்ட்ரிங்_தருமபுரி:
வணக்கம். தருமபுரியில் சின்ன அளவில் வீடு கட்டும் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். இதுவரை வாடகை வண்டிதான். வேலை பெரும்பாலும் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம். நடுவில் சேலத்திலும் ஒன்றிரண்டு வரும். இப்போது சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஏற்றப் போவது சென்ட்ரிங் தகடு, ஜாக்கி, கம்பி, சிமெண்ட். சிமெண்ட் மட்டும் 30 மூட்டை வைத்தாலே ஒன்றரை டன். அதோடு ஹாப்பர் (ஜல்லி, மணல் கொட்டுகிற தொட்டி) வைத்த காங்கிரீட் கலவை மெஷின் ஒன்று இருக்கிறது, அதையும் பின்னால் கோர்த்து இழுத்துப் போக வேண்டும். பத்து லட்சத்துக்கு முன்னே பின்னே போடலாம். பழைய வண்டியானாலும் பரவாயில்லை. எது சரியாக வரும்?

பொலேரோ_பாலக்கோடு:
யோசிக்கவே வேண்டாம் தலைவரே. பொலேரோ பிக்கப் 1.7 டன். விடிகாலையில் பாலக்கோடு தக்காளி மண்டி வாசலில் வந்து நின்று பாருங்கள், எந்த வண்டி அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2.5 லிட்டர் டீசல். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார், ஸ்பேர் மூலைக்கு மூலை கிடைக்கும். நாளைக்கு விற்கப் போனாலும் கேட்ட விலை வரும். பத்து மூட்டை கூடப் போட்டாலும் முனகாது.

ஓசூர்_தோஸ்த்:
நிறைய பேர் வாங்குகிறார்கள் என்பது ஒரு காரணமா? மஞ்சள் போர்டு வண்டியில் காசு பார்ப்பது டீசலில்தான். அசோக் லேலண்ட் படா தோஸ்த் ஐ4 பாருங்கள். 1.5 லிட்டர் இன்ஜின், 80 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை). 1.8 டன்னுக்குச் சற்று மேலே ஏற்றலாம். கேபின் முன்னால் சுருக்கமாக இருப்பதால் பாடி நீளம் கிடைக்கும், சென்ட்ரிங் தகடு அடுக்க வாகாக இருக்கும். சந்து பொந்தில் திருப்புவதும் சுலபம். எல்லாவற்றுக்கும் மேல் நம் ஓசூரில் செய்கிற வண்டி.

பொலேரோ_பாலக்கோடு:
ஊர்ப் பாசம் வேறு, தொப்பூர் கணவாய் ஏற்றம் வேறு அண்ணா. சேலத்திலிருந்து திரும்பும்போது 1.5 லிட்டர் இன்ஜினை வைத்துக்கொண்டு பின்னால் ஒரு டன் மெஷினோடு ஏறிக் காட்டுங்கள் பார்ப்போம்.

மலை_நாலுசக்கரம்:
இரண்டு பேருமே இழுப்பதற்கான வண்டியைச் சொல்லவில்லை. இழுவை என்று வந்துவிட்டால் டொயோட்டா ஹைலக்ஸ்தான். 2.8 லிட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரமும் இழுக்கும். பட்ஜெட் இடித்தால் பழைய இசுசு வி-கிராஸ். வத்தல்மலையில் சேறானாலும் அஞ்செட்டிக் காட்டுப் பாதையானாலும் கவலை இல்லை.

ஆர்சி_பார்:
நண்பரே, அவர் கேட்டது 30 மூட்டை சிமெண்ட் ஏற்ற. ஹைலக்ஸில் ஏற்ற அனுமதித்த எடை அரை டன்னுக்குள். வி-கிராஸிலும் அப்படித்தான். பத்து மூட்டையே ஏறாது. புது ஹைலக்ஸ் முப்பது லட்சம் வாக்கில் வேறு. அது வீட்டு வண்டியாக ஓட்ட அருமையானது, மறுக்கவில்லை. இவர் தொழிலுக்கு அது எதற்கு?

பொலேரோக்காரருக்கும் ஒன்று: "பத்து மூட்டை கூடப் போட்டாலும்" என்கிற பேச்சு வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 194ஆவது பிரிவு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்கிறது. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில். கம்பி பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனாலும் 20,000தான். கம்பி 12 மீட்டர், உங்கள் பாடி மூன்று மீட்டருக்குள். மடித்துப் போட்டாலும் இடிக்கும். கம்பியைக் கடைக்காரர் வண்டியிலேயே இறக்கச் சொல்லிவிடுங்கள்.

லைசென்ஸ் பற்றி யாரும் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்த்து) 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிக்கு சாதாரண இலகு வாகன லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. ஆனால் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டும். நீங்கள் கேட்கிற அளவு வண்டிகளில் பெரும்பாலானவை தாண்டும். எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றிதழ்) முதல் எட்டு வருடத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம். பழைய வண்டி வாங்கினால் இந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

சென்ட்ரிங்_தருமபுரி:
ரொம்ப நன்றிங்க. மெஷின் இழுப்பது பற்றி சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்சி_பார்:
டிரெய்லர் என்றால் அதற்கும் தனிப் பதிவு, தனி எண். இழுக்கும் வண்டியின் எண்ணும் அதில் தெரிய வேண்டும். உங்கள் மெஷினுக்கு எண்ணும் இருக்காது, பின்விளக்கும் இருக்காது, பிரேக்கும் இருக்காது. கிராமத்துச் சாலையில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். பின்னால் பைக்கில் வந்தவர் இருட்டில் அதில் மோதினால் இன்சூரன்ஸ்காரர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்.

பென்னாகரம்_பட்டறை:
இப்படிச் சட்டம் பேசினால் மாவட்டத்தில் ஒரு தளம் போட முடியாது. கலவை மெஷின் எல்லாம் எப்படி ஊர் ஊராகப் போகிறது? பிக்கப் பின்னாலும் டிராக்டர் பின்னாலும்தான். தம்பி, நீங்கள் எந்த வண்டி வாங்கினாலும் சரி, கொக்கியை மட்டும் பம்பரில் வைக்காதீர்கள். சேஸ் இரண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி குறுக்குச் சட்டம் போட்டு, போல்ட்டில் இறுக்கி வைக்க வேண்டும். கூடவே ஒரு கமான் பட்டை (பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடு) சேர்த்துவிட்டால் பின்பக்கம் உட்காராது.

தொப்பூர்_இறக்கம்:
மெக்கானிக் அண்ணனுக்கு மரியாதையோடு: பட்டை சேர்த்தால் பின்பக்கம் உட்காராமல் நிற்கும். அதனாலேயே ஓட்டுகிறவருக்கு பாரம் தெரியாமல் போகும். ஆக்சில் அதே ஆக்சில், டயர் அதே டயர், பிரேக் அதே பிரேக். ஆர்சியில் போட்ட எடையும் மாறாது.

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்றால் வண்டி திணறும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது கணவாய் முழுக்க இறக்கம். தொப்பூர் விபத்துக்குப் பேர்போனது என்று இந்த மாவட்டத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி, லோடு, மெஷின் எல்லாம் சேர்த்தால் 4 டன் சுலபமாகத் தாண்டும். 4 டன் பாரம் 100 மீட்டர் உயரம் இறங்கினால் அதில் வெளிப்படும் வெப்பம் 12 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜின் பிடிக்காவிட்டால் அத்தனை சூடும் முன் டிஸ்க்கிலும் பின் டிரம்மிலும்தான் ஏறும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. பழசாகிவிட்டால் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது வருகிற இன்ஜினில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் வரத்தே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலில் ஓட டீசல் குடிக்கும். சாவியைத் திருப்பி அணைத்தே விடுகிறவர்களை என்ன சொல்ல? பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் போய்விடும், இரண்டு மூன்று மிதியோடு பிரேக் கல்லாகிவிடும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள்.

இதில் பிரேக் இல்லாத மெஷின் பின்னாலிருந்து வேறு தள்ளும். நேர் ரோட்டில் தாக்குப்பிடிக்கலாம். வளைவில் மிதித்தால் வண்டி ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம் மடங்கும். அந்தச் சின்னச் சக்கரமும் நெடுஞ்சாலை வேகத்துக்குச் செய்ததல்ல. என் பதில்: எந்த வண்டி வாங்கினாலும் மெஷினை கணவாயில் இறக்காதீர்கள்.

பென்னாகரம்_பட்டறை:
பாரம் தெரியாமல் போகும் என்பது நியாயம். ஆனால் பட்டை சேர்ப்பது அதிகம் ஏற்ற அல்ல, கொக்கியில் உட்கார்கிற எடைக்கு.

தொப்பூர்_இறக்கம்:
அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம் அண்ணா. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 3 மீட்டர், கொக்கி பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். கொக்கியில் 150 கிலோ அமர்ந்தால் முன் ஆக்சிலில் 60 கிலோ குறையும், பின் ஆக்சிலில் 210 கிலோ ஏறும். ஸ்டியரிங்கும் அதிகம் பிடிக்கிற பிரேக்கும் முன்னால் இருக்கின்றன. ஏற்கெனவே 30 மூட்டை பின் ஆக்சிலில் இருக்கும்போது இது வேண்டுமா?

டெக்சஸ்_ராயக்கோட்டை:
சொந்த ஊர் ராயக்கோட்டை, இப்போது இருப்பது டெக்சஸில். இங்கே இழுப்பதற்கென்றே ஃபோர்டு எஃப்-250 மாதிரி வண்டிகள். 6.7 லிட்டர் டீசல், 1,400 நியூட்டன் மீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட வண்டி இருந்தும், டிரெய்லர் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால், நம் கணக்கில் சுமார் 2 டன், டிரெய்லருக்கே தனியாக பிரேக் வேண்டும் என்று இந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. டிரைவர் பக்கத்தில் அதற்கு ஒரு கன்ட்ரோலர். டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது இங்கே பாலபாடம். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும், கூடினால் மேலே அண்ணன் சொன்ன மாதிரி முன்பக்கம் தூக்கும்.

மலை_நாலுசக்கரம்:
அதைத்தானே நானும் சொன்னேன், இழுக்க வேறு வண்டி என்று.

ஆர்சி_பார்:
நீங்கள் சொன்னது முப்பது லட்சம். அவர் சொன்னது பிரேக்.

ஓசூர்_தோஸ்த்:
டாடா யோதாவை ஏன் யாரும் தொடவில்லை? 2.2 லிட்டர், 100 குதிரை, 250 நியூட்டன் மீட்டர், 2 டன் மாடலும் உண்டு. என் கட்சி தோஸ்த்தான். ஆனால் இழுவைதான் முக்கியம் என்றால் பொலேரோவை விட அது மேல்.

பொலேரோ_பாலக்கோடு:
காகிதத்தில் மேல். விற்கும்போது தெரியும். பொலேரோ என்றால் போன் போட்ட அன்றைக்கே ஆள் வரும். இரண்டு டன் வேண்டுமென்றால் மேக்ஸ் பிக்கப் எச்டியிலும் இருக்கிறது.

பென்னாகரம்_பட்டறை:
பத்து லட்சம் போடத் தயாராக இருப்பவர் பழைய டாடா 407ஐ ஏன் பார்க்கக் கூடாது? 1986இலிருந்து ஓடுகிற வண்டி. பின்னால் இரட்டை டயர். ஒரு டயர் வெடித்தாலும் இன்னொன்று தாங்கும். சின்ன மெஷின் என்றால் பலகை சாய்த்து மேலேயே ஏற்றிவிடலாம், இழுக்கும் பேச்சே வராது.

சென்ட்ரிங்_தருமபுரி:
407 என்றால் சந்தில் திருப்ப முடியாதுங்க. நான் வேலை செய்கிற இடமெல்லாம் ஊருக்குள். யோசித்துப் பார்த்தேன். மெஷின் தளம் போடுகிற அன்றைக்குத்தான் வேண்டும். பென்னாகரம் பக்கம் என்றால் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. சேலம் வேலைக்கு அங்கேயே மெஷின் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் லோடுக்கு மட்டும் பிக்கப் போதும் அல்லவா?

தொப்பூர்_இறக்கம்:
போதும். டிராக்டர்காரர் மெதுவாகத்தான் போவார், அவர் வண்டி எடைக்கு மெஷின் தள்ளாது. இருட்டும் முன் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், ஐம்பது நூறு ரூபாய் வேலை.

பொலேரோ_பாலக்கோடு:
பாலக்கோட்டிலிருந்து பாப்பாரப்பட்டிக்கு மெஷின் கொண்டுபோக டிராக்டர் வாடகை எவ்வளவு கேட்கிறார்கள் தெரியுமா? மாசம் நாலு தளம் என்றால் வண்டித் தவணையில் பாதி அதிலேயே போய்விடும். கணவாய்க்கு நீங்கள் சொல்வது சரி. சமதரையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில், காலி வண்டியில் கோர்த்து இழுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

ஆர்சி_பார்:
காலி வண்டியில் என்று நீங்களே இறங்கி வந்துவிட்டீர்கள், நல்லது.

சென்ட்ரிங்_தருமபுரி:
இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுகிறேன். கிருஷ்ணகிரியில் பழைய யோதா ஒன்றும் பொலேரோ 1.7 ஒன்றும் விலைக்கு இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். பொலேரோவில் ஏற்கெனவே கொக்கி வைத்திருக்கிறார்களாம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பென்னாகரம்_பட்டறை:
முதலில் கீழே படுத்து சேஸைப் பாருங்கள். கொக்கி போல்ட்டில் நின்றால் சரி. சேஸில் நேராக வெல்டு வைத்திருந்தால் விலையே பேசாதீர்கள், சூடு பட்ட இடத்தில்தான் பின்னாளில் விரிசல் விடும். பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததை விட அதிகம் இருந்தால் எதற்குச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். பின் டயர் தேய்மானம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பிரேக் ஆயில் கறுத்திருந்தால் விலையில் குறையுங்கள்.

பொலேரோ_பாலக்கோடு:
கொக்கி இருக்கிற பொலேரோவா? அப்படியானால் அதுவே இழுத்துப் பழகிய வண்டி, எடுத்துவிடுங்கள்.

தொப்பூர்_இறக்கம்:
இழுத்துப் பழகிய வண்டி என்றால் கிளட்ச் பிளேட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.